உப்பிட்ட ரோடும் என் ஓட்டை பைக்கும்

ராத்திரி எட்டு மணி, வெளியில 2 டிகிரி. வாசல்ல நின்னு பூவாளியால பைக்குக்குத் தண்ணி ஊத்திகிட்டு இருந்தேன். நாயோட வாக்கிங் வந்த ஒரு பாட்டியம்மா நின்னு, என்னையும் பூவாளியையும் மாத்தி மாத்திப் பாத்துட்டு, "எவ்வளவு ஊத்தினாலும் அது வளராதுப்பா"ன்னு சொல்லிட்டுப் போனாங்க. நானும் ஹிஹின்னு சிரிச்சு வச்சேன். நின்னு விளக்கம் சொல்ற அளவுக்கு விரல்ல உணர்ச்சி இல்ல.

அந்த விளக்கத்தைத்தான் இப்ப எழுதப் போறேன். கொஞ்சம் நீளமா இருக்கும். டீயை எடுத்துகிட்டு வந்து உக்காருங்க.

நான் இருக்கிறது இங்கிலாந்துல, செஷயர் பக்கம் நார்த்விச்னு ஒரு சின்ன ஊரு. பொட்டி தட்டுற ஆபீஸ் ஏழெட்டு மைல் தள்ளி. 2022 ஏப்ரல்ல வந்தப்ப கார் வாங்குற ஐடியாவுலதான் இருந்தேன். இன்சூரன்ஸ் விசாரிச்சேன். ஆளு புதுசு, இந்த ஊர்ல ஓட்டின அனுபவம் இல்லன்னு அவங்க சொன்ன தொகைக்கு நம்ம ஊர்ல ஒரு பழைய காரே வாங்கிடலாம். அந்த வருஷம்தான் தங்கச்சி கல்யாணம் வேற. ரெண்டு சக்கரமே போதும் சாமின்னு முடிவு பண்ணிட்டேன்.

இங்க சிபிடின்னு ஒரு நாள் பயிற்சி இருக்கு. கத்துக்குட்டி லைசென்ஸ் வாங்கி, அதை முடிச்சா ரெண்டு வருஷத்துக்கு 'எல்' ஒட்டிகிட்டு 125 சிசி வரைக்கும் ஓட்டலாம். மோட்டார்வேயில மட்டும் ஏறக் கூடாது. சென்னை ஓஎம்ஆர்ல தண்ணி லாரிக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் நடுவுல நாலு வருஷம் வண்டி ஓட்டினவனுக்கு, தோளுக்குப் பின்னாடி எப்படித் திரும்பிப் பாக்கணும்னு ஒரு நாள் முழுக்கச் சொல்லிக் குடுத்தாங்க. (உண்மையச் சொன்னா, அதுவரைக்கும் நான் திரும்பிப் பாத்ததே இல்ல.) செப்டம்பர்ல எட்டு வயசான ஒரு 125 வாங்கினேன். எந்தக் கம்பெனின்னு கேக்காதீங்க. இந்தக் கதையில வண்டி மேல ஒரு தப்பும் இல்ல.

இந்த ஊரைப் பத்தி ஒண்ணு சொல்லியாகணும். நார்த்விச், மிடில்விச், நான்ட்விச்னு இங்க வரிசையா இருக்கிற ஊரெல்லாம் உப்பு ஊருங்க. மிடில்விச்சுக்கு ரோமானியர் வச்ச பேரே சலினே, உப்புன்னு அர்த்தம் வர்ற பேரு. பூமிக்கு அடியில உப்புப் பாறை. அதைக் கரைச்சு உப்புத் தண்ணியா உறிஞ்சி எடுத்து, எடுத்து, நார்த்விச்ல தெருவே உள்வாங்கி வீடெல்லாம் சாஞ்சிருக்கு. அதனாலதான் ஊருக்குள்ள பழைய கடைங்களை மரச்சட்டம் போட்டுக் கட்டியிருக்காங்க. தரை இறங்கினா ஜாக்கி வச்சு கட்டடத்தையே தூக்கி நிறுத்திக்கலாமாம்! பக்கத்துல மார்ஸ்டன்ல லயன் சால்ட் ஒர்க்ஸ்னு ஒண்ணு. பெரிய பெரிய இரும்புச் சட்டியில உப்புத் தண்ணியக் காய்ச்சி உப்பு எடுத்த இடம். 1986ல மூடி, 2015ல மியூசியமாத் திறந்தாங்க. போய்ப் பாத்தேன். எங்க ஊர்ல வெயில் ஓசியில செய்யுற வேலைக்கு இவங்க டன் டன்னா நிலக்கரி எரிச்சிருக்காங்க, பாவம்.

எங்க ஊருன்னா தூத்துக்குடி. எங்க அப்பா உப்பளத்துல கணக்குப்பிள்ளை. உப்பு ஊர்ல பொறந்து, கடல் தாண்டி வந்து, இன்னொரு உப்பு ஊர்ல வாடகைக்கு வீடு புடிச்சவன் நான். உப்பு இரும்பை என்ன பண்ணும்னு எனக்கு ஒருத்தர் சொல்லித் தரணுமா என்ன?

தரணும். அதுதான் கதையே.

2022 டிசம்பர் ரெண்டாவது வாரம் நாடே உறைஞ்சு போச்சு. சாயங்காலமானா மஞ்ச விளக்கு சுத்திகிட்டு கவுன்சில் லாரி வரும், பின்னாடி ஒரு தட்டு சுத்தும், அதுலேர்ந்து பழுப்பு நிறத்துல உப்பு தெறிக்கும். ரோட்டோட வெப்பநிலை உறைநிலையைத் தொடப் போகுதுன்னு தெரிஞ்சாலே கிளம்பிடுவாங்க. சதுர மீட்டருக்கு 10 கிராம் வாக்குல தூவுவாங்க, பனி கொட்டுதுன்னா அதுக்கும் மேல. அக்டோபர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் இந்த சீசன். ஸ்காட்லாந்துல இந்த லாரிகளுக்குப் பேரெல்லாம் வைக்கிறாங்க, 'கிரிட்னி ஸ்பியர்ஸ்'னு ஒரு லாரி இருக்கு, சத்தியமா. அந்த உப்பு எங்கேர்ந்து வருதுன்னு பாத்தா, எங்க வீட்டுலேர்ந்து அஞ்சாறு மைல்ல இருக்கிற வின்ஸ்ஃபோர்ட் சுரங்கம். 1844லேர்ந்து தோண்டுறாங்க. நாட்டுல பாதி ரோட்டுக்கு உப்பு வைக்கிற ஊருல வந்துதான் நான் பைக் ஓட்டிகிட்டு இருக்கேன்.

எனக்கு ஜாலியாத்தான் இருந்துச்சு. தினமும் ஆபீஸ் விட்டு வந்ததும் பைக் முழுக்க மாவு பூசின மாதிரி வெள்ளையா இருக்கும். நான் என்ன பண்ணுவேன்னா, கெட்டில்ல தண்ணியக் கொதிக்க வச்சு, பக்கெட்ல கலந்து, சுடச்சுட ஊத்துவேன். உப்பு நல்லாக் கரையுமாம், அறிவாளி. அப்புறம் வீட்டுக்குப் பின்னாடி இருக்கிற ஷெட்டுல தள்ளி, பழைய ஹீட்டர் ஒண்ணைப் போட்டு விட்டுடுவேன், பாவம் வண்டிக்குக் குளிருமேன்னு. சனிக்கிழமையானா டேங்குக்கு மெழுகு பாலிஷ். முகம் பாக்கலாம், அப்படி ஒரு பளபளப்பு. தங்கமணி கூட, "எனக்கு ஒரு நாளாவது இப்படித் தலை வாரி விட்டிருக்கீங்களா?"ன்னு கேட்டா.

ஜனவரியில இஞ்சின் மேல வெள்ளை வெள்ளையாப் பூஞ்சை மாதிரி பூத்துச்சு. துடைச்சேன். செயின் ஓரமா செம்பழுப்பு. துடைச்சு எண்ணெய் போட்டேன். போல்ட் தலையெல்லாம் ரோமம் முளைச்ச மாதிரி. பிரஷ் போட்டுத் தேய்ச்சேன். கண்ணுக்குத் தெரிஞ்ச ஒண்ணையும் விடல.

2023 பிப்ரவரி, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில, ஊருக்கு வெளிய இருக்கிற ரவுண்டானா. வலது பக்கம் ஒரு வெள்ளை வேன் வருது. நிக்கணும். முன் பிரேக்கைப் புடிச்சேன். லீவர் கெட்டியாத்தான் இருந்துச்சு, கையில ஒரு வித்தியாசமும் தெரியல. ஆனா வண்டி நிக்கல. மெதுவாகுது, நிக்கல. பின் பிரேக்கை மிதிச்சா பின் சக்கரம் வழுக்குது. கோட்டைத் தாண்டி முக்கால் வண்டி நீளம் உள்ள போய் நின்னேன். வேன்காரர் எப்படித் திருப்பினாரோ, கண்ணாடி என் கைப்பிடிக்கு ஒரு சாண் தள்ளிப் போச்சு. அவர் அடிச்ச ஹாரன் இப்பவும் காதுல இருக்கு. ஓரங்கட்டிட்டு, ஈரப் புல்லுல அப்படியே உக்காந்துட்டேன். அப்ப தங்கமணிக்கு அஞ்சாம் மாசம்.

பத்து மைல் வேகத்துல உருட்டிகிட்டே பக்கத்து மெக்கானிக் கடைக்குப் போனேன். அவர் முன் கேலிப்பரைக் கழட்டி, ரெண்டு பேடையும் என் உள்ளங்கையில வச்சார். ஒண்ணு தேஞ்சு தகடு தெரியுது. இன்னொண்ணு கிட்டத்தட்டப் புதுசு. என் வண்டியில இருக்கிறது பிஸ்டன் ஒரு பக்கம் மட்டும் இருக்கிற கேலிப்பர். பிஸ்டன் ஒரு பேடைத் தள்ளும், அந்த எதிர்விசையில மொத்த கேலிப்பரும் நகர்ந்து வந்து இன்னொரு பேடை மறுபக்கம் அழுத்தும். நகர்றதுக்கு ரெண்டு சின்ன பின்னு, ரப்பர் உறைக்குள்ள. அந்தப் பின்னை அவர் சுத்தியலால தட்டித்தான் எடுத்தார். துரு புடிச்சு, துளையோட ஒட்டிப் போயிருந்துச்சு. ரெண்டு கை தட்டுறதுக்குப் பதிலா ஒரு கை மட்டும் ஆட்டிகிட்டு இருந்திருக்கு என் பிரேக். அவர் டேங்கைப் பாத்தார், என்னைப் பாத்தார். "வெளியில ரொம்ப நல்லா வச்சிருக்க"ன்னார். திட்டியிருந்தா கூடப் பரவாயில்ல.

புது பின்னு, புது பேடு, கூலி எல்லாம் சேர்த்து கிட்டத்தட்ட 150 பவுண்டு. வீட்டுல 'சர்வீஸ்'னு சொல்லிட்டேன். யார்கிட்டயாவது சொல்லலேன்னா வெடிச்சிடும்னு இருந்துச்சு. சாயங்காலம் ஷெட்டுக்குள்ள போய் அப்பாவுக்கு போன் போட்டேன். அங்க நடுராத்திரி. எடுத்துட்டார்.

இந்த இடத்துல கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

2010. நான் எட்டாங்கிளாஸ். அப்பாகிட்ட ஒரு மொபெட் இருந்துச்சு. தினம் அதுலதான் உப்பளத்துக்குப் போவார். பாத்திக்கும் பாத்திக்கும் நடுவுல போற பாதையில ரெண்டு பக்கமும் உப்பு, காத்துல உப்பு, லாரியிலேர்ந்து கொட்டுறது உப்பு. ஞாயித்துக்கிழமை வண்டியைக் கழுவுறது என் வேலை. போர் தண்ணியில கழுவக் கூடாது, அதுவே உப்பு. நல்ல தண்ணிதான் வேணும். அம்மா கத்துவாங்க, குடிக்கவே நல்ல தண்ணி நாள் விட்டு நாள்தான் வருது, இவருக்கு வண்டி குளிப்பாட்டணுமாம்னு. ரெண்டு வாளி எடுத்து ஊத்தணும், துணியால துடைக்கணும், பழைய இஞ்சின் ஆயிலைத் துணியில தொட்டு இரும்பு தெரியுற இடமெல்லாம் தேய்க்கணும். கடைசியா ஒரு வேலை. பிரேக் கேபிளை மேல் முனையில கழட்டி, உறைக்குள்ள சொட்டுச் சொட்டா எண்ணெய் விட்டு, இழுத்து இழுத்து விட்டு அது கீழ வரைக்கும் இறங்கணும். கால் மணி நேரம் ஆகும். அதுக்குள்ள அங்க கிரவுண்டுல டாஸ் போட்டுருவாங்க.

வண்டி பளபளன்னு இருக்கும். கேபிளை நான் தொடவே இல்ல. ஒரு வாரம் இல்ல ரெண்டு வாரம் இல்ல, அந்த வருஷம் மழை முடிஞ்சதுலேர்ந்தே. கேபிளுக்குள்ள எண்ணெய் இருக்கா இல்லயான்னு யாருக்குத் தெரியப் போகுது?

ஒரு நாள் காலையில உப்பு லாரி ஒண்ணு குறுக்க ரிவர்ஸ் எடுக்க, அப்பா பிரேக் புடிக்க, கேபிள் அறுந்துடுச்சு. லாரியில மோதாம ஹேண்டிலைத் திருப்பிப் பாத்திக்குள்ள விழுந்துட்டார். வலது மணிக்கட்டு முறிஞ்சு தகடு வச்சாங்க. அதுக்கப்புறம் அவர் எழுத்து லேசா சாஞ்சுதான் இருக்கும், இன்னிக்கும் அப்படித்தான். எப்படி அறுந்துச்சுன்னு அவர் என்னை ஒரு வார்த்தை கேக்கல. நானும் சொல்லல. மெக்கானிக் கேபிளை உருவிக் காட்டினப்ப பாத்தேன், வெளி உறை புதுசு மாதிரி இருந்துச்சு, உள்ள கம்பி புரி புரியா துருவி சிவப்புப் பொடியா உதிர்ந்துச்சு.

போன்ல ரவுண்டானா விஷயத்தைச் சொன்னேன். அவர் பதறல. கேட்ட மொதக் கேள்வி, "ஏல, அந்தப் பின்ன கழத்திப் பாத்தாவளா?"

"பாத்தாங்கப்பா. துரு புடிச்சு ஒட்டிகிட்டு இருந்துச்சு."

"அங்கதாம்ல இருக்கும். வெளிய தின்னா ஒனக்குத் தெரிஞ்சிரும், தொடச்சிருவ. உப்பு உள்ள போயி உக்காந்துதான் திங்கும்."

ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் என்ன தோணுச்சோ, ஷெட்டு இருட்டுல நின்னுகிட்டுச் சொல்லிட்டேன். "அப்பா, அன்னிக்கு மொபெட் கேபிள்... நான் எண்ணெய் விடவே இல்லப்பா. கழுவ மட்டும்தான் செஞ்சேன்."

"தெரியும்ல"ன்னார். "எண்ணெ டப்பா கொறயவே இல்லயே."

பதிமூணு வருஷம்! எனக்குத் தொண்டை அடைச்சுகிச்சு. அவரு அடுத்த வார்த்தையிலயே, "சரி, புதுப் பின்னுக்கு கிரீஸ் வச்சானா அந்த மெக்கானிக்கு? நீ பாத்தியா, இல்ல அவன் சொன்னானா?"ன்னு கேக்க ஆரம்பிச்சுட்டார்.

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல. இஞ்சினியரிங் மொத வருஷம் கெமிஸ்ட்ரியில அரிமானம்னு ஒரு யூனிட்டே இருந்துச்சு. பதினாறு மார்க் கேள்வி எழுதி பாஸ் பண்ணவன்தான் நான். படிச்சதை எடுத்து யோசிச்சுப் பாத்தா, ஒவ்வொரு விஷயத்துலயும் நேர்மாறா நடந்திருக்கேன்.

உப்பு தனியா இரும்பைத் தின்னாது. தண்ணி வேணும். வின்ஸ்ஃபோர்ட் சுரங்கத்துல உப்பு எடுத்து முடிச்ச குகைகள்ல, 150 மீட்டருக்கும் கீழ, பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தோட காகிதக் கட்டுகளை அடுக்கி வச்சிருக்காங்க. சுத்தி நாலு பக்கமும் உப்புப் பாறை, ஆனா அங்க காத்து வறண்டு கிடக்கு, அதனால காகிதத்துக்கு ஒண்ணும் ஆகல. அதே உப்பு மேல வந்தா கதை வேற. காத்துல ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினா உப்பு தானாவே தண்ணிய இழுத்துக் கரைஞ்சிடும். ஐப்பசியில நம்ம வீட்டு உப்பு ஜாடி நீர்த்துப் போகுதே, அதேதான். இங்க குளிர்காலம் முழுக்கவே ஐப்பசி. மழை பெய்யாட்டியும், பைக் ஷெட்டுக்குள்ளயே இருந்தாலும், பின்னு மேல இருக்கிற உப்பு ஈரமாவே இருக்கும். உப்புத் தண்ணி மின்சாரத்தை நல்லாக் கடத்தும், அரிமானம்ங்கிறதே சின்னச் சின்ன பேட்டரி வேலை செய்யுற மாதிரிதான். அலுமினிய இஞ்சின்ல ஸ்டீல் போல்ட், நடுவுல உப்புத் தண்ணின்னா பேட்டரி ரெடி, அலுமினியம் கரையும். நான் துடைச்ச வெள்ளைப் பூஞ்சை அதுதான். அலுமினியத்துக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கும் மேல இயற்கையா ஒரு மெல்லிய ஆக்சைடு தோல் இருக்கும், அதுதான் காப்பாத்துறது. உப்புல இருக்கிற குளோரைடு அந்தத் தோலையே ஓட்டை போடும். அதனால 'ஸ்டெயின்லெஸ் போல்ட் மாத்திட்டேன், கவலை இல்ல'ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

இதுக்கு நடுவுல நான் வெந்நீர் ஊத்தி, ஹீட்டர் போட்டிருக்கேன். சூடு ஏறினா வேதிவினை வேகமாகும்னு பத்தாங்கிளாஸ் பையனுக்குத் தெரியும். உப்பு, ஈரம், இளஞ்சூடு. இட்லி மாவைப் பொங்க வைக்கிற மாதிரி ராத்திரி பூரா துருவைப் பொங்க வச்சிருக்கேன்.

இப்ப என்ன பண்றேன்னு சொல்றேன். இது நாலாவது குளிர்காலம். நடுவுல 2024ல முழு லைசென்ஸும் வாங்கி 'எல்' போர்டைப் பிச்சுப் போட்டாச்சு, வண்டி அதேதான்.

முக்கால்வாசி வேலை அக்டோபர்லயே முடிஞ்சிடணும், மொத உப்பு லாரி வர்றதுக்கு முன்னாடி. ஒரு சனிக்கிழமை முழுசா ஒதுக்கிடுவேன். ஆபீஸ்ல எவ்வளவு ஆணி இருந்தாலும் அன்னிக்குப் பிடுங்க மாட்டேன். வண்டியைக் கழுவி நல்லாக் காய விட்டு, முன்னும் பின்னும் கேலிப்பரைக் கழட்டுவேன். பின்னை உருவித் துடைச்சு, ரப்பரைக் கெடுக்காத பிரேக் கிரீஸ் தடவி, விரலால முன்ன பின்ன நகர்த்திப் பாப்பேன். வெண்ணெயில கத்தி போற மாதிரிப் போகணும். பிஸ்டனைக் கொஞ்சம் வெளிய வர விட்டு, பழைய டூத் பிரஷ்ஷால சுத்தம் பண்ணித்தான் உள்ள தள்ளணும். அழுக்கோட தள்ளினா சீலுக்கு அடியில உப்பை நாமளே குடி வைக்கிற மாதிரி. இந்த வேலையை இதுவரைக்கும் செஞ்சதில்லன்னா, மொத தடவை தெரிஞ்சவர் யாரையாவது பக்கத்துல வச்சுக்கோங்க. பிரேக் விஷயம்.

அப்புறம் போல்ட். எல்லாத்தையும் ஒரே நேரத்துல கழட்டாதீங்க (ஒரு தடவை கழட்டிட்டு, ரெண்டு போல்ட் எந்த ஓட்டைக்குன்னு தெரியாம ராத்திரி பதினோரு மணி வரைக்கும் முழிச்சேன்). ஒவ்வொண்ணா எடுத்து, மரையில துரு ஒட்டாத கிரீஸ் தடவி, திரும்பப் போட்டுட்டு அடுத்ததுக்குப் போகணும். செம்புத்தூள் கலந்த கிரீஸ் பல பேரு போடுறாங்க. அலுமினியத்தோட செம்பு சேர்றது எனக்கு மனசுக்குச் சரிப்படல, நான் செராமிக் கிரீஸ்தான். கேலிப்பரைப் புடிச்சிருக்கிற போல்ட்டுக்கு மட்டும் மேனுவல்ல என்ன சொல்லியிருக்கோ அதை விட்டு ஒரு எட்டு தாண்டக் கூடாது.

கடைசியாத்தான் ஸ்ப்ரே. ஏசிஎஃப்-50ன்னு ஒண்ணு, விமானத்துக்காக உருவாக்கினது. மெல்லிய எண்ணெய்ப் படலமா ஒட்டிகிட்டு சந்து பொந்தெல்லாம் ஊர்ந்து போகும். நேரா அடிக்காம துணியில அடிச்சுத் துடைக்கிறதுதான் சிக்கனம், எனக்கு ஒரு டப்பா ரெண்டு குளிர்காலம் வந்துச்சு. ஒயர் கனெக்டரைப் பிரிச்சு உள்ளயும் ஒரு பொட்டு. டிஸ்க், பேடு, டயர் பக்கம் மட்டும் காத்து கூடப் போகக் கூடாது. 'டபிள்யூடி-40 போதாதா'ன்னு கேப்பீங்க. அது 1953ல தண்ணிய விரட்டுறதுக்குன்னு நாப்பதாவது முயற்சியில கிடைச்ச கலவை, பேருலயே இருக்கு. விரட்டும், ஆனா அதோட படலம் ரொம்ப மெலிசு. தினம் உப்புத் தண்ணி தெறிக்கிற வண்டியில அதை நம்பி ஒரு குளிர்காலம் ஓட்ட முடியாது.

இதெல்லாம் முடிஞ்சா வண்டி பாக்க சகிக்காது. எண்ணெய்ப் படலத்துல தூசி ஒட்டி, மார்ச் மாசம் வரைக்கும் எருமை மாதிரி இருக்கும். துடைக்க மாட்டேன். ஷாம்பூ போட்டுப் பளபளன்னு கழுவினா படலமும் சேர்ந்து போயிடும். ஆபீஸ்ல ஒருத்தன், "என்னண்ணே, வண்டியைப் பாத்துக்கவே மாட்டீங்களா?"ன்னு கேட்டான். பதில் சொல்லல.

தினசரி வேலைன்னா பூவாளிதான். எங்க வீட்டுக்கு வெளிக்குழாய் கிடையாது. ரோட்டுல உப்பு போட்டிருந்தா, வந்து இறங்கின உடனே, காயறதுக்கு முன்னாடி, ரெண்டு பூவாளி பச்சைத் தண்ணி. சக்கரம், கேலிப்பர், ஸ்டாண்டு, இஞ்சினுக்கு அடிப்பக்கம். பிரஷர் வாஷர் வேணாம், அது உப்புத் தண்ணிய பேரிங்குக்குள்ள அடிச்சு இறக்கிடும். செயினுக்கு வாரம் ஒரு தடவை, ஓட்டி முடிச்ச சூட்டோட லூப். நல்ல மழை பெஞ்ச நாள்ல எனக்கு லீவு, ரோட்டையே கழுவி விட்டுடும். ஷெட்டுல ஹீட்டர் இல்ல, பிளாஸ்டிக் தார்ப்பாயும் இல்ல, காத்து போற துணி உறைதான்.

போன வருஷம் மைனஸ்ல இருந்த ஒரு ராத்திரி கடமை தவறாம தண்ணி ஊத்திட்டேன். காலையில பாத்தா வாசல் முழுக்கக் கண்ணாடி மாதிரி ஐஸ். வேற யாரு, நானேதான் விழுந்தேன், இடுப்புல ரெண்டு வாரம் வலி. போஸ்ட்மேன் வர்றதுக்குள்ள அந்த ஐஸைக் கரைக்கணுமேன்னு சமையக்கட்டுலேர்ந்து உப்பு ஜாடியை எடுத்துட்டு வந்து நானே தூவினேன் :) இப்பல்லாம் உறையற ராத்திரியில ஊத்துறதில்ல, மறுநாள் கொஞ்சம் ஏறினதும்தான்.

தங்கமணிகிட்ட ரவுண்டானா கதையை பாப்பா பொறந்து மூணு மாசம் கழிச்சுத்தான் சொன்னேன். ரெண்டு நாள் பேசல. மூணாம் நாள் அவளே கடைக்குப் போயி இப்ப இருக்கிற பெரிய பூவாளியை வாங்கிட்டு வந்து ஷெட்டு வாசல்ல வச்சா. அன்னிலேர்ந்து குளிர்காலத்துல நான் வீட்டுக்குள்ள நுழையும்போது மொதக் கேள்வி, "ஊத்தியாச்சா?"தான்.

இந்த அக்டோபர்ல வழக்கம் போல எல்லாம் முடிச்சுட்டு, கழுவி நிறுத்தின வண்டியை நல்ல வெளிச்சத்துல போட்டோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரத்துல குரல் மெசேஜ் வந்துச்சு. "வண்டி கெடக்கட்டும்ல. அந்தப் பின்னப் போட்டோ புடிச்சு அனுப்பு."

கேலிப்பரைத் திரும்பக் கழட்டிப் பின்னை உருவி, உள்ளங்கையில வச்சு எடுத்து அனுப்பினேன். ரெண்டு நீல டிக். பத்து நிமிஷம் கழிச்சு, "ம்"னு ஒரு எழுத்து வந்துச்சு.